98 காட்டுகிறது, பிறகு ஏன் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது?

கேள்வி: நான் பாம்பன் அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவள். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறேன். என் அம்மாவுக்கு 43 வயது. பதினாறு வயதிலிருந்து கடற்பாசி எடுக்கத் தீவுகளுக்குப் போகிறார். முன்பெல்லாம் ஒரு முழுக்கில் இரண்டு கை நிறையப் பாசியோடுதான் மேலே வருவார். ஆறு மாதமாகப் பாதியிலேயே வந்துவிடுகிறார். வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஒரு மருத்துவ முகாமில் விரலில் கருவி மாட்டிப் பார்த்து, "ஆக்சிஜன் 98, நன்றாக இருக்கிறது" என்றார்கள். அதே முகாமில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2. ஆக்சிஜன் நன்றாக இருந்தால் ஏன் மூச்சு வாங்க வேண்டும்? கூட வரும் ஓர் அக்கா, "முழுகும் முன் இருபது முறை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும், தம் கூடும்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அம்மாவும் அப்படியே செய்கிறார். கொஞ்ச நேரம் கூடுதலாக அடியில் இருக்க முடிகிறதாம். இது சரியா? ரத்தம் எப்படித்தான் ஆக்சிஜனைக் கொண்டுபோகிறது? எட்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பிக்கும் ஒரு கேள்வி: நண்டை உடைத்தால் ஏன் சிவப்பு ரத்தம் வருவதில்லை?

பதில்: அன்புள்ள சகோதரி,

விளக்கமெல்லாம் பிறகு. முதலில் அம்மாவை உட்காரவைத்து ஒன்றைச் சொல்லுங்கள். அந்த இருபது வேகமூச்சை இன்றோடு விட்டுவிட வேண்டும். நாளைக் காலையில் வள்ளம் ஏறுகிறவராக இருந்தால் இன்றிரவே சொல்லிவிடுங்கள். சொல்லிக்கொடுத்த அக்காவிடமும் சொல்லுங்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தால் கொஞ்ச நேரம் கூடுதலாக அடியில் இருக்க முடிவதும் மெய்தான். ஆனால் அந்தக் கூடுதல் நேரம் ஆக்சிஜன் ஏறியதால் கிடைத்ததல்ல. உயிரைக் காக்கும் எச்சரிக்கை மணியை அமுக்கி வைத்ததால் கிடைத்தது. முழுகத் தெரிந்தவர்களே தண்ணீருக்குள் நினைவிழந்து போவது பெரும்பாலும் இப்படித்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆக்சிஜன் தண்ணீரில் எளிதில் கரையாத வாயு. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மட்டும் நம்பியிருந்தால், 100 மில்லி ரத்தத்தில் வெறும் 0.3 மில்லி ஆக்சிஜன்தான் போகும். சும்மா படுத்திருக்கும் உடம்புக்கே நிமிடத்துக்கு 200 முதல் 250 மில்லி வேண்டும். அதனால்தான் சிவப்பணுக்கள். ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஓர் இரும்பு அணு ஓர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும்.

இரும்பும் ஆக்சிஜனும் சேர்வதை நம் கடற்கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்து உதிர்கிறதே, அங்கும் இவை இரண்டும்தான் சேர்கின்றன. ஆனால் அங்கே சேர்ந்தது பிரிவதில்லை. ஹீமோகுளோபினில் இரும்பு ஒரு புரதத்தின் மடிப்புக்குள் பத்திரமாக உட்கார்ந்திருப்பதால், ஆக்சிஜன் ஏறவும் முடிகிறது, வேண்டிய இடத்தில் இறங்கவும் முடிகிறது. முதல் ஆக்சிஜன் ஏறியதும் மூலக்கூறின் வடிவமே சற்று மாறி அடுத்தடுத்தவை எளிதாக ஏறிக்கொள்ளும். இந்த வடிவத்தைத் துருவிக் கண்டறிந்த மாக்ஸ் பெருட்ஸுக்கு 1962இல் நோபல் பரிசு கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் இந்த ஒரே மூலக்கூறோடு மல்லுக்கட்டினார். படிக்கும் காலத்தில் எனக்கு அது பெரிய வியப்பு.

எந்த இடத்தில் இறங்குவது என்று அதற்கு எப்படித் தெரியும்? உழைக்கும் தசை சூடாக இருக்கும், கரியமில வாயு மிகுந்திருக்கும், சற்றே புளித்திருக்கும், அதாவது அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்தச் சூழலில் ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்திவிடும். டென்மார்க் நாட்டு உடலியலாளர் கிறிஸ்டியன் போர் 1904இல் இதை விளக்கினார். கரியமில வாயு என்பது வெறும் கழிவு என்றுதான் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆக்சிஜனை இறக்கிவைக்கச் சொல்லும் சைகையும் அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அந்த வேகமூச்சைப் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

இப்போது 98க்கு வருவோம். விரலில் மாட்டும் கருவி சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, இருக்கிற ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறது. ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. பாசிக்குப் போகும் வள்ளங்களை எண்ணிப் பாருங்கள். வழக்கமாகப் பதின்மூன்று வள்ளம் போகும் கரையிலிருந்து இன்று எட்டுதான் கிளம்புகிறது. ஒவ்வொன்றிலும் இடம் நிறைந்திருக்கிறது. வள்ளத்துக்குள் எட்டிப்பார்ப்பவர் "எல்லாம் நிறைந்திருக்கிறது" என்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் தீவில் போய் இறங்குகிறவர்கள் எத்தனை பேர்?

கணக்காகவே சொல்கிறேன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி ரத்தத்தில் 13 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும் பெண்ணுக்கு, அந்த 100 மில்லியில் ஏறக்குறைய 17 மில்லி ஆக்சிஜன் போகும். உங்கள் அம்மாவுக்கு 8.2 என்றால் 11 மில்லிக்கும் சற்றுக் குறைவு. கருவி இருவருக்கும் 98 என்றே காட்டும். குறைந்ததை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓடுகிறது, அதுதான் படபடப்பு. படி ஏறும்போது அந்த ஈடும் போதாமல் போகிறது. அதுதான் மூச்சு வாங்கல். முகாமில் சொன்னவர்கள் கருவி காட்டியதைச் சொன்னார்கள். அந்த 98ஐ விட அடுத்த தாளில் இருந்த 8.2தான் அம்மாவைப் பற்றிய சேதி.

இதே கருவி ஏமாறும் இன்னோர் இடமும் உண்டு. கார்பன் மோனாக்சைடு என்னும் புகைவாயு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். சாதாரண விரல் கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, நன்றாகவே எண் காட்டும். கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்குக்கு முழுகுகிறவர்கள் உங்கள் உறவில் இருந்தால், இயந்திரத்தின் புகை காற்றிழுக்கும் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போது அம்மாவிடம் திரும்புவோம்.

கரியமில வாயு திரும்பி வரும் வழி ஆக்சிஜன் போகும் வழியைப் போன்றதல்ல. சுமார் பத்தில் ஒரு பங்குக்குள் அப்படியே பிளாஸ்மாவில் கரைந்து வரும். ஐந்தில் ஒரு பங்கு போல ஹீமோகுளோபினின் புரதப் பகுதியில் ஒட்டிக்கொண்டு வரும். இரும்பில் அல்ல, ஆக்சிஜனின் இருக்கையை அது பிடிப்பதில்லை. மீதி, ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது, வேடம் மாறி வருகிறது. சிவப்பணுவுக்குள் நுழைந்ததும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி அதைத் தண்ணீரோடு சேர்த்து, நொடிப்பொழுதில் பைகார்பனேட்டாக மாற்றிவிடும். ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பில் இருக்கிறதே, அதே பைகார்பனேட்தான். நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு நொடிக்கு லட்சக்கணக்கில் இந்த மாற்றத்தைச் செய்யும். உருவான பைகார்பனேட் பிளாஸ்மாவுக்குள் இறங்கி நுரையீரல் வரை வரும். அங்கே போனதும் எல்லாம் தலைகீழ்: பைகார்பனேட் மறுபடி வாயுவாகி மூச்சில் வெளியேறும். சோடா பாட்டிலைத் திறந்ததும் அதுவரை அடங்கியிருந்த வாயு புஸ்ஸென்று கிளம்புவதைப் போல.

பைகார்பனேட் உருவாகும்போது கூடவே அமிலமும் உருவாகும். அந்த அமிலத்தில் பெரும்பங்கை வாங்கி அடக்கி வைப்பதும் ஹீமோகுளோபின்தான். ஆக்சிஜனை இறக்கிவிட்டு வெறுமையாக நிற்கும் ஹீமோகுளோபின் அமிலத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். அம்மா ஏன் பாதியிலேயே மேலே வந்துவிடுகிறார் என்ற கேள்விக்கு இங்கேயும் ஒரு விடை இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைந்தவருக்குச் சுமக்கும் ஆக்சிஜனும் குறைவு, கரியமில வாயுவின் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் தெம்பும் குறைவு. அம்மாவின் உடம்பு சோம்பல்படவில்லை. வயதாகிவிட்டதென்று அவர் தம்மை நொந்துகொள்ளவும் வேண்டியதில்லை. "போதும், மேலே வா" என்று உடம்பு சரியான நேரத்தில்தான் கூப்பிடுகிறது.

அந்தக் கூப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். மூச்சடக்கும்போது நெஞ்சு துடித்து, "இனி முடியாது" என்று தோன்றுகிறதே, அது ஆக்சிஜன் குறைந்ததால் அல்ல. கரியமில வாயு ஏறியதால். மூளையின் அடித்தண்டில் உள்ள உணரிகள் அந்த ஏற்றத்தை உடனுக்குடன் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனைக் கண்காணிக்கும் உணரிகளும் கழுத்தில் உண்டு. ஆனால் ஆக்சிஜன் வெகுவாக இறங்கிய பிறகுதான் அவை உரக்கச் சத்தம் போடும்.

இருபது முறை வேகமூச்சு விட்டால் என்ன நடக்கிறது? இரத்தம் ஏற்கெனவே 98 பங்கு நிறைந்திருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மிஞ்சி மிஞ்சிப் போனால் ஒன்றிரண்டு பங்கு ஏறும். ஆனால் கரியமில வாயுவோ மளமளவென்று வெளியேறிவிடும், பாதியளவுக்குக்கூட இறங்கலாம். பிறகு அம்மா முழுகுகிறார். கரியமில வாயு பழைய அளவுக்கு ஏறிவர நெடுநேரம் ஆகும். அதுவரை மணி அடிக்காது. இதற்கிடையில் ஆக்சிஜன் தன் பாட்டுக்குக் குறைந்துகொண்டே போகும். மணி அடிப்பதற்கு முன்பே மூளைக்குப் போதாத அளவுக்கு அது இறங்கிவிட்டால், வலியில்லை, திணறலில்லை, விளக்கை அணைத்தாற்போல நினைவு போய்விடும். 8.2 உள்ளவர் முதலிலேயே குறைந்த கையிருப்போடு இறங்குகிறார் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

முன்பு சொன்ன சைகையும் இங்கே வந்து சேர்கிறது. கரியமில வாயு குறைந்தால் ஹீமோகுளோபின் பிடியைத் தளர்த்தாது, ஆக்சிஜனை இறுக்கிக்கொள்ளும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சுருங்கும். வேகமூச்சு விட்டதும் உதட்டோரம் குறுகுறுப்பு, விரல் நுனியில் மதமதப்பு, லேசான தலைச்சுற்றல் வருகிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். "தம் ஏறுகிறது" என்று அதை நினைத்திருப்பார். ஏறவில்லை, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது.

ஆழம் இன்னொரு சிக்கல். இரண்டு பாகம், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டடி ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்த அழுத்தம் நுரையீரலில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கும், அடியில் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மேலே ஏற ஏற அழுத்தம் விட்டுப்போகும், ஆக்சிஜனும் சட்டென்று இறங்கும். வெளிச்சம் தெரியும் தூரத்தில், கையெட்டும் இடத்தில், பலருக்கு நினைவு தப்புகிறது. கூட வந்தவர்கள் "மேலேதானே வந்துவிட்டாள்" என்று திரும்பிக்கொள்ளும் நேரம் அது. அதனால் ஒருவர் முழுகும்போது இன்னொருவர் மேலே நின்று பார்க்க வேண்டும். அவர் மேலே வந்து நாலைந்து மூச்சு விட்டு, வாய் திறந்து பேசும்வரை கண்ணை எடுக்கக்கூடாது. ஒரு முழுக்கு எவ்வளவு நேரமோ அதைப்போல இரண்டு மடங்காவது மேலே இளைப்பாற வேண்டும், அமைதியான மூச்சோடு. யாராவது நினைவிழந்தால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்குங்கள், வள்ளத்தில் ஏற்றி மூச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதிவிட்டு, நடுமார்பை 30 முறை அழுத்துங்கள். மூச்சு திரும்பும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே கரைக்கு வாருங்கள், 108க்குச் சொல்லுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இவையெல்லாம் வேண்டாம். உயிர் பிழைக்க வேண்டிய நிமிடங்கள் அதில் போய்விடும்.

ஹீமோகுளோபின் 8.2ஐ என்ன செய்வது? சில ஆண்டுகளுக்கு முன் பாசி எடுக்கும் ஒரு பெண்மணி கடலிலிருந்து நேராக என்னிடம் வந்தார். பாறை கீறாமல் இருக்க விரல்களில் சுற்றிய பழந்துணிக் கீற்றுகள் இன்னும் ஈரமாக இருந்தன. அவிழ்க்கச் சொன்னேன். நகங்கள் நடுவில் குழிந்து கரண்டி போல இருந்தன. கீழிமையை இழுத்துப் பார்த்தால் சுத்தம் செய்த கணவாய்ச் சதையின் வெள்ளை. நாள்பட்ட இரும்புச்சத்துக் குறை அப்படித்தான் கையில் எழுதி வைத்திருக்கும். "தண்ணீரிலேயே கிடப்பதால் நகம் இப்படி" என்று அவர் பத்து ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார். அம்மாவின் நகத்தையும் கீழிமையையும் பகல் வெளிச்சத்தில் இன்று பாருங்கள்.

மாத்திரையைத் தொடங்குவதோடு, இரும்பு எங்கே கசிகிறது என்றும் பார்த்தாக வேண்டும். 43 வயதில் முதல் சந்தேகம் மாதவிலக்கு. ஏழு நாளுக்கு மேல் போகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். அம்மாக்கள் தாமாகச் சொல்வதில்லை. பிறகு மூலம், கொக்கிப்புழு. அப்புறம் உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை. தினமும் கடலில் கிடந்து வருகிறவர்கள் அதை மிட்டாய் போலப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது வயிற்றில் புண்ணாக்கி, சொட்டுச் சொட்டாக ரத்தத்தை வெளியேற்றும். இரும்பு மாத்திரை தொடங்கும் முன்பே மலம் தார் போலக் கறுத்துப் போனால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தொடங்கிய பிறகு கறுப்பது மாத்திரையால். அதற்குப் பயப்பட வேண்டாம்.

இரும்பு மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். எத்தனை என்பதை அங்குள்ள மருத்துவர் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். விடிவதற்குள் கடுங்காப்பியோ தேநீரோ குடித்துவிட்டுக் கிளம்புவது வழக்கமென்றால் மாத்திரையை அதோடு சேர்க்காதீர்கள், உள்ளே போகும் இரும்பில் பெரும்பகுதியை அவை தடுத்துவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரவில், எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரை இருந்தால் அது வேறு வேளைக்கு. முருங்கைக்கீரை, கேழ்வரகு நல்லவைதான். ஆனால் மீனிலும் மட்டியிலும் ஆட்டு ஈரலிலும் உள்ள இரும்பை உடம்பு இன்னும் எளிதாக எடுத்துக்கொள்ளும். நல்ல மீனையெல்லாம் விற்றுவிட்டு வீட்டில் ரசம் வைப்பது நம் கரையோர வீடுகளில் சாதாரணம். இந்த மூன்று மாதம் அம்மாவின் தட்டில் ஒரு துண்டு மீன் இருக்கட்டும், கடைசியாகச் சாப்பிடுகிறவர் அவர்தான் என்றால் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். 8.2ஐ உணவால் மட்டும் ஏற்றிவிட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சரியான மாத்திரை, கசிவு நின்றது என்றால் நான்கு வாரத்தில் ஒன்று முதல் இரண்டு கிராம் ஏறும். அப்படி ஏறாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும்; ரத்தம் நிறைந்த பிறகுதான் உடம்பின் சேமிப்பு நிறையத் தொடங்கும். இடையில் படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், நெஞ்சு வலி, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூச்சு வாங்குவதால் இதயத்தையும் ஒரு முறை பரிசோதித்துவிடுவது நல்லது.

அதுவரை முழுகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்காமல் விட்டீர்களோ என்னவோ. முழுக வேண்டாம். வீட்டுக்கு வரும் பணம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதை எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் ஒதுங்கும் பாசியைச் சேர்ப்பது, காயவைப்பது, மூங்கில் மிதவையில் பாசி கட்டும் வேலை என்று தலை தண்ணீருக்குள் போகாத வேலை எதுவானாலும், மூச்சு வாங்காத அளவுக்குச் செய்யட்டும். மறுபரிசோதனையில் எண் ஏறியதைப் பார்த்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பழைய ஆழத்துக்குப் போகலாம்.

தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. நண்டு, இறால், கணவாய், சங்கு இவற்றின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. ஹீமோசயனின் என்று பெயர். அணுக்களுக்குள் அடைபடாமல் ரத்த நீரிலேயே கலந்திருக்கும். ஆக்சிஜன் ஏறினால் வெளிறிய நீலம், இறங்கினால் நிறமே இராது. அதனால்தான் நண்டை உடைக்கும்போது ஏதோ தண்ணீர் வடிகிறது என்று நினைத்துக் கழுவிவிடுகிறோம். அடுத்த முறை உயிரோடு இருக்கும் நண்டின் கால் ஒடிந்தால், வடிவதை ஒரு வெள்ளைப் பீங்கானில் பிடித்துச் சற்று நேரம் காற்றில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக நீலம் தட்டும்.